மேல் ஓரம் தளரட்டும்

பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் சிவப்புக்கு மாறிவிடும். ரயில் இந்தப் பக்கம் மண்டபத்திலோ அந்தப் பக்கம் பாம்பனிலோ காத்து நிற்கும். கடல் கணக்கில் அது 31 நாட். எங்கள் தொழிலில் அந்தக் காற்றுக்கும் பாய் உண்டு, 3.7 சதுர மீட்டரில். தேர்ந்த கைக்கு அது நல்ல நாள். அதே காற்றில் 5 சதுர மீட்டர் பாயைச் சரியாக இழுக்காமல் கட்டிக்கொண்டு போனவருக்கு, கரை கண்ணில் படும் தூரத்திலேயே தோள் இற்றுப்போகும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்காகிறது. 12 நாட்டில் விளையாட்டுக் காட்டும் பாய் 24 நாட்டில் ஆளைத் தூக்கி எறிவது அதனால்தான்.

மண்டபத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடைப்பட்ட கரையில் விண்ட்சர்ஃபிங் பாய்களைக் கட்டுவதும், இழுத்துச் சரிபார்ப்பதும், கிழிந்தால் ஒட்டித் தைப்பதும் என் பிழைப்பு. வத்தைப் படகில் பாய் வைத்து ஓடிய வீட்டில் பிறந்தவன். காற்றின் போக்கு வீட்டிலேயே பழகியிருந்தது. ஆனால் இந்தப் பாய்க்கான கைப்பழக்கம் முழுவதையும் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. குறிப்பாக ஒன்றை. பாயின் பின் ஓரம் மேலே தளர்ந்து, காற்றில் தொளதொளவென்று ஆட வேண்டும். பாய் என்றால் விறைத்து நிற்க வேண்டும் என்று வளர்ந்த கண்ணுக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது. இந்தத் தொழிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் அந்தத் தளர்ச்சியைச் சுற்றித்தான் இருக்கிறது.

ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கைப் பெண் கடல் என்பார்கள், தெற்கை ஆண் கடல் என்பார்கள். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நின்று வீசத் தொடங்கினால் தெற்கில் கடல் புரளும். வடக்குக் கரையில் தண்ணீர் மட்டமாகக் கிடக்கும், காற்று மட்டும் குறையாது. மார்கழி, தை வாடைக் காற்றுக்கு இது அப்படியே மாறும். காற்றும் மட்டமான தண்ணீரும் சேர்ந்து கிடைப்பது பாய் விளையாட்டுக்குப் பெரிய கொடுப்பினை. இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கச்சான் நாளில் வடக்குக் கரையில் காற்று தரையிலிருந்து கடலுக்குள் போகிறது. பாய்மரமோ அடிமூட்டோ கயிறோ கடலில் வைத்து விட்டுப்போனால் ஆளைக் காற்று வெளியே தள்ளிக்கொண்டே போகும். அந்தத் திசையில் சர்வதேச எல்லைக்கோடு இருக்கிறது, அதற்கு அப்பால் இலங்கை. மீட்புப் படகு இல்லாமல் அந்தக் காற்றில் எந்தப் பாயையும் நான் கரையைவிட்டு அனுப்புவதில்லை. இங்கே பாய் கட்டுகிறவன் கட்டிய முடிச்சை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்ப்பதும் இதனால்தான்.

விண்ட்சர்ஃபிங் பலகைக்குச் சுக்கான் கிடையாது. பாய்மரம் பலகையில் இறுக்கி நிறுத்தப்படவும் இல்லை. எந்தப் பக்கமும் சாயும் ஒரு மூட்டின் மேல் அது நிற்கிறது. ஓட்டுகிறவர் பாயை முன்னால் சாய்த்தால் பலகை காற்றுக்குக் கீழே திரும்பும், பின்னால் சாய்த்தால் காற்றுக்கு மேலே ஏறும். இந்த அமைப்புக்குத்தான் கலிபோர்னியாவில் ஹாய்ல் ஷ்வைட்சரும், விமானப் பொறியாளரான ஜிம் டிரேக்கும் 1968இல் காப்புரிமை கேட்டு 1970இல் பெற்றார்கள். 1965லேயே நியூமன் டார்பி என்ற அமெரிக்கர் பாய் வைத்த பலகை ஒன்றைப் பத்திரிகையில் வரைபடத்தோடு வெளியிட்டிருந்தார். அதற்கும் முன்னால், 1958இல், இங்கிலாந்தின் ஹெய்லிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் என்ற பையன் இப்படியொன்றைச் செய்து ஓட்டியிருக்கிறான். பின்னாளில் இங்கிலாந்தில் நடந்த காப்புரிமை வழக்கில் அது முக்கியச் சான்றாயிற்று. யார் முதல் என்பது எனக்குப் பெரிதல்ல. டிரேக்கைப் பற்றி நான் மதிப்பது வேறு. பலகையைத் திருப்பும் வேலை முழுவதையும் பாயிடமே கொடுத்துவிட்டார். அதனால் பாயில் விசை மையம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே எல்லாமாகிவிட்டது. மையம் ஓரிடத்தில் நின்றால் ஓட்டுகிறவர் நிம்மதியாகப் போவார். ஒவ்வொரு வீச்சுக்கும் அது முன்னும் பின்னும் ஓடினால் அவர் கைகள் அதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆரம்பகாலப் பாய்கள் டாக்ரான் துணியில் தைத்தவை. காற்று கூடக்கூட அவற்றின் வயிறு பின்னால் நகர்ந்துகொண்டே போகும். 1980களில் பாயை விறைப்பாக வைக்க முழு அகலத்துக்கும் செருகும் பேட்டன் குச்சிகள் வந்தன, பாலியஸ்டர் படலம் வந்தது. ஒளி ஊடுருவும் அந்தப் படலத்தை மோனோபிலிம் என்கிறோம். துணி இழுபட்டு நீளும், மோனோபிலிம் நீளாது. வடிவமைப்பாளர் மேசையில் வைத்து வெட்டிய வளைவு கடலில் அப்படியே நிற்கும். நன்றாக நிற்கும் அந்த வளைவைக் கெடுக்கவும் வழி இருக்கிறது. பாய்மரத்தை, அதாவது மாஸ்டை, பொருந்தாததாகப் போட்டால் போதும்.

ஒவ்வொரு பாயின் கீழ் மூலையிலும் சில எண்கள் அச்சிட்டிருக்கும். லஃப் 448, பூம் 187, மாஸ்ட் 430, ஐ.எம்.சி.எஸ். 21 என்பதுபோல. முதல் எண் முன் ஓரத்தின் நீளம், அடுத்தது ஓட்டுகிறவர் பிடித்துக்கொள்ளும் பூம் சட்டத்தின் நீளம், நீளமெல்லாம் செ.மீ. கணக்கு. 430 மாஸ்ட் போட்டால் மீதி 18ஐ அடியில் செருகும் எக்ஸ்டென்ஷன் தர வேண்டும். கடைசி எண்ணைத்தான் பலர் படிப்பதில்லை. அது மாஸ்டின் விறைப்பு. மாஸ்டை இரு முனைகளிலும் தாங்கியில் வைத்து, நடுவில் 30 கிலோ எடையைத் தொங்கவிடுவார்கள். நீளத்தை, நடுப்பகுதி இறங்கிய அளவால் வகுத்தால் வருவது அந்த எண். 430 மாஸ்ட் நடுவில் ஏறத்தாழ 20 செ.மீ. இறங்கினால் 21. 460க்கு வழக்கமாக 25 இருக்கும். மொத்த வளைவு ஒன்றாகவே இருந்தாலும், ஒரு மாஸ்ட் நுனிப் பக்கம் அதிகம் வளையும், இன்னொன்று அடிமுதல் நுனிவரை சீராக வளையும். பாயின் முன் ஓரத்தை வெட்டியவர் ஏதோ ஒரு வளைவை மனதில் வைத்துத்தான் வெட்டியிருப்பார். அதற்குப் பொருந்தாத மாஸ்டைப் போட்டுவிட்டு எவ்வளவு இழுத்தாலும் பாய் சரிக்கு வராது. பாய் சரியில்லை என்று என்னிடம் வருகிறவற்றில் நிறையவற்றுக்கு நான் ஊசியையே எடுப்பதில்லை. மாஸ்டை மாற்றிப் போட்டுக் காட்டி அனுப்புகிறேன்.

கட்டும் இடத்தைப் பற்றி எனக்குப் பிடிவாதம் உண்டு. சிப்பி கிடக்கும் மணலில் பாயை விரிக்க விடமாட்டேன். தார்ப்பாய் போட்ட இடம், இல்லையென்றால் அருகம்புல் தரை. மாஸ்ட் நுழையும் உறை காற்றுப் பக்கம், பின் ஓரம் காற்றுக்குக் கீழ்ப் பக்கம். இப்படி வைத்தால் பாய் எழும்பிப் புரளாது. மாஸ்டின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் முன் மூட்டைத் துடைத்துவிட வேண்டும். ஒரு சிட்டிகை மணல் போதும், சாயங்காலம் பிரிக்க முடியாமல் ஆக்கிவிட. நுனியை உறைக்குள் விட்டு, துணியைச் சுருக்கிச் சுருக்கி மேலே ஏற்றி, நுனி மேல்முனையில் உட்கார்ந்ததா என்று கையால் தட்டிப் பார்ப்பேன். கயிறைக் கப்பிகளில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் கோக்க வேண்டும். ஒரு சுற்று மாறினாலும் உராய்வு தின்றுவிடும். பிறகு டவுன்ஹால் கயிறைப் பாதிவரை இழுத்து, பேட்டன் முனையை மாஸ்டில் உட்காரவைக்கும் கேம்பர்கள் உள்ள பாயானால் அவற்றை மாஸ்டில் மாட்டி, பூமைப் பூட்டி, பாயைப் பின்னால் இழுக்கும் அவுட்ஹால் கயிறைக் கொஞ்சமாக இழுத்துவைத்து, மறுபடி டவுன்ஹாலுக்கு வருவேன். எதையும் முழுதாக இழுக்கும் முதல் உரிமை டவுன்ஹாலுக்குத்தான். இந்த வரிசையை மாற்றி அவுட்ஹாலை முதலில் இறுக்கினால் பேட்டன்கள் மாஸ்டில் முட்டிக்கொண்டு, தையல்மேல் பாரம் ஏறும்.

டவுன்ஹால் என்பது பாயைக் கீழ்நோக்கி இழுத்து மாஸ்டை வில்லாக வளைக்கும் கயிறு. பெரும்பாலும் ஆறு இழை கப்பி வழியே போகும். பாய் ஒரு செ.மீ. இறங்க, கயிறு ஆறு செ.மீ. வர வேண்டும். கடைசியாக இறங்கும் ஒன்றிரண்டு செ.மீ.க்கு ஓர் ஆளின் முழு பலமும் தேவைப்படும். வெறுங்கையால் இழுத்தால் கயிறு விரலை அறுத்துவிடும். கயிற்று நுனியை ஒரு கட்டையில் சுற்றிப் பிடித்து, ஒரு காலை மாஸ்டின் அடியில் கொடுத்து, முதுகை நிமிர்த்தி இழுக்க வேண்டும். முதுகை வளைத்து இழுத்தவர்கள் அடுத்த வாரம் தைலம் தேய்த்துக்கொண்டு வருவார்கள்.

என்னோடு வேலை பழகும் தம்பி முதன்முதலாக ஒரு பாயை முழுதாக இழுத்துக் கட்டியபோது தள்ளி நின்று பார்த்தான்.

"அண்ணே, மேல ஓரம் தொங்குதே. இழுத்தது பத்தலையோ?"

"பத்திருச்சுடா. அதனாலதான் தொங்குது."

"அவுட்ஹாலக் கொஞ்சம் இழுத்தா நேராயிரும்ல?"

"மேல உள்ளது அப்பவும் நேராகாது. அது நேரா விறைச்சு நின்னா, திடீர்னு காத்து கூடயில அதை எங்கடா விடுவ?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. பதிலை நான் அன்று பாயின் மேலேயே கைவைத்துக் காட்டினேன். டவுன்ஹால் கயிறு மாஸ்டின் நுனியைப் பின்னால் வளைக்கிறது. நுனி பின்னால் வரும்போது அதற்கும் பின் ஓரத்துக்கும் இடையே உள்ள தூரம் குறைகிறது. அதனால் மேல் பேட்டன்களுக்கு இடையே ஓரம் தளர்கிறது. அதே இழுப்பு பாயின் முன்பாதியை விறைக்கச் செய்து, வயிற்றை மாஸ்டுக்குப் பின்னால் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் பிடித்துவைக்கிறது. வீச்சு வந்தால் மேல்பகுதி முறுக்கிக்கொண்டு திறந்து, அதிகப்படிக் காற்றை வெளியே விடும். கீழ்ப்பகுதி, அதாவது ஓட்டுகிறவர் கைக்கு எட்டிய பகுதி, அசையாது. வீச்சு அடங்கியதும் மேலே மூடிக்கொள்ளும். இந்த வேலை ஓட்டுகிறவருக்குத் தெரியாமலேயே நடக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீரை ஒட்டி ஓடும் காற்றைவிட நாலு மீட்டர் உயரத்தில் ஓடும் காற்று வேகமானது. ஓடும் பலகையில் நிற்பவருக்கு மேல்காற்றும் கீழ்காற்றும் வேறு வேறு கோணத்தில் வந்து சேரும். பாய் அடியிலிருந்து நுனிவரை ஒரே தகடாக இருந்தால் இரண்டில் ஒன்றுக்குத்தான் பொருந்தும்.

எவ்வளவு தளர வேண்டும்? பாயைத் தரையில் கிடத்திவிட்டுத் தலைமாட்டில் நின்று பார்ப்பேன். கேம்பர் இல்லாத நடுத்தரப் பாய்க்கு, மேலிருந்து இரண்டாவது மூன்றாவது பேட்டன்களுக்கு நடுவே, ஓரத்திலிருந்து பேட்டன் நீளத்தில் பாதிவரை தளர்ச்சி உள்ளே வந்திருக்க வேண்டும். சில நிறுவனங்கள் இதற்கென்று பாயிலேயே ஒரு புள்ளி போட்டுத் தருகின்றன. தளர்ச்சி அந்தப் புள்ளியைத் தொட்டால் போதும். அடுத்து பூமுக்கு மேலே உள்ள பேட்டனைப் பார்க்க வேண்டும். அதன் முன்முனை மாஸ்டின் அகலத்தில் பாதியைத் தாண்டிப் பிதுங்கி நின்றால் இன்னும் இழுக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பும்போது பேட்டன் மாஸ்டைச் சுற்றி மறுபக்கம் வராமல் மாட்டிக்கொள்ளும். எண்ணும் புள்ளியும் தொடக்கத்துக்குத்தான். பாயைத் தூக்கி நிறுத்தி, காற்றைக் கொஞ்சம் வாங்கவிட்டு, பின் ஓரம் மூச்சு விடுகிறதா என்று பார்க்காமல் நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

அவுட்ஹாலில் கை தாராளமாக இருக்கக் கூடாது. பாயைப் பூமின் பின்முனையை நோக்கி இழுக்கும் கயிறு அது. சும்மா இருக்கும் நிலையிலிருந்து ஒன்று முதல் மூன்று செ.மீ. இழுத்தால் பெரும்பாலான நாளுக்குப் போதும். மெல்லிய காற்றில் வயிறு வேண்டும், தளர்த்த வேண்டும். காற்று ஏறினால் தட்டையாக்க இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். பாயின் வயிறு பூமில் உரசாமல் ஓடினால் சரி. டவுன்ஹாலில் விட்ட குறையை அவுட்ஹாலில் ஈடுகட்டப் பார்ப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அப்படிக் கட்டிய பாய் பார்வைக்கு மொழுமொழுவென்று இருக்கும், கடலில் இறங்கினால் பின்கையைப் பிடுங்கும்.

பூம் தோளுக்கும் முகவாய்க்கும் இடையே ஓர் உயரத்தில் இருக்கலாம். ஓட்டுகிறவர் இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டும் ஹார்னஸ் கயிறுகள் பாய் தானாக நிற்கும் புள்ளிக்கு இருபுறமும் வர வேண்டும். அதைக் கரையிலேயே கண்டுபிடிக்கலாம். காற்றில் பாயைத் தூக்கிப் பிடித்து, பூமை ஒரே கையால் தாங்கி, எந்த இடத்தில் அது இருபக்கமும் இழுக்காமல் நிற்கிறதோ அங்கே கயிறைப் போட வேண்டியதுதான்.

கடலுக்குப் போய்த் திரும்பியவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது என் வேலையில் பாதி. "பின்கை போயிடுச்சுண்ணே" என்றால் வயிறு பின்னால் போயிருக்கிறது, டவுன்ஹால் ஒரு செ.மீ. கூட்ட வேண்டும். "காத்தே பிடிக்க மாட்டேங்குது, பலகை எழும்பல" என்றால் இழுப்பு மிஞ்சிவிட்டது, மேலே எல்லாக் காற்றையும் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. பாய் நடுங்கிக்கொண்டே வருகிறதென்றால் அவுட்ஹாலைப் பார்ப்பேன். இரண்டு கையும் ஒன்றுபோல வலிக்கிறது என்று சொன்னால் பாயில் தப்பில்லை, அளவில் தப்பு. சின்னப் பாய் எடுத்துக்கொடுக்க வேண்டும். எழுபது, எழுபத்தைந்து கிலோ ஆளுக்கு 13, 14 நாட்டில் 7.5 சதுர மீட்டர், 20 நாட்டில் 5.5, 25க்கு மேல் 4.7 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கருவி இல்லாத நாளில் அப்பா பார்த்ததைப்போலக் கடலைத்தான் பார்ப்பேன். வெள்ளை நுரை அங்கொன்று இங்கொன்றாகத் தலைகாட்டினால் பெரிய பாய். கடல் முழுக்க நுரை, நடுவே வீச்சு விழும் இடங்கள் கருத்து ஓடி வருகின்றனவென்றால் பெரிய பாயைக் கொட்டகையிலேயே விட்டுவிடலாம்.

அடிமூட்டையும் கயிறையும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். மூட்டின் ரப்பரை ஒரு பக்கமாக முழுக்க வளைத்துப் பிடித்தால் வெடிப்பு இருந்தால் வாய் திறந்து காட்டும். வெடிப்புக் கண்ட ரப்பரை இன்னொரு நாளைக்கு ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்பதில்லை. டவுன்ஹால் கயிறு கப்பியில் உட்காரும் இடத்தில் முதலில் பொசுபொசுப்பாகும், அப்போதே மாற்றிவிட வேண்டும்.

பிரிக்கும்போது கட்டியதற்கு நேர் எதிர் வரிசை. அவுட்ஹால் முதலில், டவுன்ஹால் கடைசியில். கடலிலிருந்து களைத்து வருகிறவர்கள் பாயை அப்படியே வெயிலில் போட்டுவிட்டு நிழலுக்குப் போவார்கள். அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மோனோபிலிமுக்கு உப்பைவிடப் பெரிய எதிரி வெயில். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அது மஞ்சளித்து, மொறுமொறுப்பாகி, ஒருநாள் ஆள் பாய்மேல் விழும்போது கண்ணாடிபோல உடையும். ராமேஸ்வரத்துச் சித்திரை வெயிலில் பாய் கிடந்து காய்ந்த நேரமெல்லாம் அதன் ஆயுளில் கழிகிறது. காற்றில் படபடவென்று அடிக்க விட்டுக் காயவைப்பதும் அதே அளவு கெடுதல். அந்த அடியில் படலம் நொந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். ஓடும்போது எவ்வளவு காற்றையும் தாங்கும் பாய், சும்மா நின்று அடித்துக்கொள்வதைத் தாங்காது.

உப்பு நீரைக் கழுவ வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். இங்கே நல்ல தண்ணீர் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்குவது. ஒவ்வொரு பாயையும் குழாயடியில் குளிப்பாட்ட முடியாது. அதனால் ஒரு வாளித் தண்ணீரும் பஞ்சும் வைத்துக்கொண்டு, உப்பு தங்கும் இடங்களை மட்டும் கழுவுகிறேன். கப்பிகள், பேட்டன் முனைகள், கேம்பரின் உருளைகள், ஜிப், பூமின் பின்முனைப் பூட்டு. மோனோபிலிமின் மேல் காய்ந்த உப்பைத் துணியால் துடைக்கக் கூடாது, கீறல் விழும். ஈரப் பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். மாஸ்ட் உறை நெடுநேரம் ஈரம் வைத்திருக்கும். அதை நிழலில், தலைகீழாகச் சாய்த்து வடியவிட்டுத்தான் பைக்குள் வைப்பது.

மாஸ்டும் எக்ஸ்டென்ஷனும் ஒட்டிக்கொள்வது இந்தத் தொழிலின் நிரந்தரத் தலைவலி. மாஸ்ட் கார்பன், எக்ஸ்டென்ஷன் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே உப்புநீர் நின்றால் அலுமினியம் அரித்துப் பூத்து, உள்ளேயே கெட்டியாகிவிடும். ஒட்டிப்போனால் வெந்நீர் ஊற்றுவதுதான் வழி என்று நினைப்பவர்கள் உண்டு. வெந்நீரில் அலுமினியம் விரியும், கார்பன் ஏறக்குறைய விரியவே விரியாது. உள்ளே இருப்பது விரிந்து, வெளியே இருப்பது அப்படியே இருந்தால் இன்னும் இறுகத்தானே செய்யும்? நான் செய்வது நேர் எதிர். நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து உப்பைக் கரைப்பேன். காலையில் ஐஸ் கம்பெனியிலிருந்து மீனுக்கு உடைத்துப் போடும் ஐஸ் ஒரு கூடை வாங்கி, எக்ஸ்டென்ஷன் குழாய்க்குள் திணித்து நிறுத்திவைப்பேன். அலுமினியம் சுருங்கும். அப்போது ஒருவர் மாஸ்டைப் பிடிக்க, இன்னொருவர் எக்ஸ்டென்ஷனைத் திருகினால் கழன்று வரும். மாஸ்டின் இரு பாதிகளே ஒட்டிக்கொண்டால் அது மணலின் வேலை. ஒவ்வொரு பாதியிலும் ஒரு பூமைப் பூட்டி, அவற்றையே கைப்பிடியாக வைத்து எதிரெதிர் திசையில் திருகுவோம். இணைத்தவுடன் மூட்டின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டால் இந்தப் பாடே வேண்டாம்.

கிழிசல்களில் இந்த ஊருக்கென்று ஒன்று உண்டு, சீமைக்கருவேல முள். காற்று எங்கிருந்தாவது ஒரு கிளையை உருட்டிக்கொண்டு வந்து போடும். பாயை அதன்மேல் விரித்தால் ஊசி நுழைந்ததுபோல ஒரு துளை. சின்னத் துளைதானே என்று விட்டால், அடுத்த வீச்சில் அங்கிருந்து கோடு கிளம்பி அடுத்த பேட்டன்வரை ஓடிவிடும். மோனோபிலிமில் கிழிசல் எப்போதும் கூரிய முனையிலிருந்துதான் வளரும். ஆகவே கோடு ஓடியிருந்தால், அதன் நுனியில் சுட்ட ஊசியால் சிறு வட்டத் துளை போட்டுக் கூர்மையை மழுக்குவேன். பிறகு இரண்டு பக்கமும் ஸ்பிரிட்டால் துடைத்து, உப்பும் எண்ணெய்ப் பசையும் போனபின், ஒட்டுப் படலத்தை இருபுறமும் ஒட்ட வேண்டும். ஒட்டின் மூலைகளை வட்டமாக வெட்டிக்கொள்ளாவிட்டால் அந்த மூலையிலிருந்தே உரிந்துவரும். ஒரு கை அகலத்துக்கு மேல் போன கிழிசலுக்கு ஒட்டு போதாது. அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டுப் புதுத் துண்டு வைத்து ஜிக்ஜாக் தையல் போட வேண்டும். தையல் நெருக்கமாக இருக்கக் கூடாது. நெருங்கத் தைத்தால் ஊசித் துளைகளின் வரிசையே கிழிப்பதற்குப் போட்ட கோடாகிவிடும். துண்டு வைக்கும்போது பாயைத் தரையில் தட்டையாக ஆணியடித்ததுபோல நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் சுருங்கித் தைத்தாலும் அந்த இடத்தில் பாயின் வளைவு மாறிவிடும். பின் ஓரத்தின் மேல்பகுதியில் வேலை செய்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அங்கே ஓரம் சுருங்கினால் தளர வேண்டிய இடம் தளராது.

சுருட்டுவது தலையிலிருந்து. பேட்டன்களுக்கு இணையாக, மடிப்பு விழாமல், கேம்பர் உள்ள பாயைக் கொஞ்சம் தளர்வாக. இரண்டு காற்றுக் காலங்களுக்கு நடுவே காற்று ஓயும் வாரங்களில் எல்லாப் பாயையும் விரித்துப் பார்ப்பேன். பேட்டன்களைச் சற்றுத் தளர்த்தி வைப்பேன். மறுபடி கட்டும்போது செங்குத்துச் சுருக்கம் போகும்வரை மட்டும் திருகுவேன், அதற்கு மேல் திருகினால் பேட்டன் எஸ் வடிவத்தில் நெளியும். தகரக் கொட்டகையில் மேலே கட்டித் தொங்கவிட்ட பாய் உச்சிவேளையில் வெந்துபோகும். கீற்றுக் கொட்டகைதான் நல்லது. அதில் எலி வரும். எலிக்குப் பாய் வேண்டாம், மாஸ்ட் உறைக்குள் கூடு கட்ட இடம் வேண்டும். உறையின் அடிவாயைத் துணி வைத்து அடைத்துவிடுகிறேன்.

பழைய பாய் வாங்குகிறவர்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்வார்கள். நிறம் மங்கியிருப்பதை நான் குறையாக நினைப்பதில்லை. மோனோபிலிமை விரலால் சுண்டிப் பார்ப்பேன். நல்ல படலம் கனமாகச் சத்தம் கொடுக்கும், காய்ந்தது காய்ந்த சருகாகக் கலகலக்கும். கீழ் மூலைக் கப்பியைச் சுற்றியுள்ள தையல், பலகையில் உரசும் அடிப்பகுதி, பூம் வெட்டுக்கு மேலும் கீழும் உள்ள உறை, இவைதான் முதலில் போகும் இடங்கள். ஒட்டுப் போட்டதை மட்டும் வைத்துப் பாயைத் தள்ளிவிட வேண்டாம். கடைசியாக, அதைக் கொண்டுவந்தவரின் மாஸ்டிலேயே கட்டச் சொல்லி, முழுதாக இழுத்துப் பார்ப்பேன். மேல் ஓரம் புள்ளிவரை தளர்ந்து, கீழ்ப்பாதி சுருக்கமில்லாமல் நின்றால், எத்தனை ஒட்டு இருந்தாலும் வாங்கலாம் என்று சொல்கிறேன். தளராவிட்டால் முதலில் வேறு மாஸ்டில் கட்டிப் பார்க்கச் சொல்வேன். அதிலும் தளரவில்லையென்றால், புதிதுபோலப் பளபளத்தாலும், விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்பேன்.